கோணல் வார்ப்பு

கான்சஸ், பிப்ரவரி.
காற்றுக்கு ஒதுங்க ஒரு மரமும் இல்லாத இடத்தில்
என் பட்டறை.
ட்வைலா உன்ரூ மூன்று இன்ஜின் பிளாக்குகளை
பிக்கப்பின் முதுகு தாழும்படி ஏற்றி வந்தாள்.
ஒன்று, கோதுமை லாரியில் இருபது அறுவடை கண்டது.
ஒன்று, தேவாலயப் பேருந்தில்
ஞாயிறு தவிர ஓடாதது.
மூன்றாவது எந்த வண்டியினுடையது என்று
விற்றவனுக்கே தெரியாது.
உள்ளே எலிக்கூடு இருந்தது;
அதையும் சேர்த்தே எடை போட்டானாம்.

அலுமினியத்தில் புதிதாக ஒன்று வாங்கலாமே என்றேன்.
விலையையும் சொன்னேன்.
ஆலங்கட்டி தின்ற வயலுக்கு வந்த காப்பீட்டுப் பணம்
அதில் பாதிக்கும் காணாது.
"இதில் எது முதலில் வெடிக்கும்,
அதைச் சொல்" என்றாள்.

தானாக மூச்சுவிடும் வரை
எல்லா இரும்பும் நல்ல இரும்புதான்.
தலைமேல் சூப்பர்சார்ஜரை ஏற்றி
தொண்டைக்குள் காற்றைத் திணிக்கும்போதுதான்
ஒவ்வொரு சுவரும்
தன் உண்மையான கனத்தைச் சொல்லும்.

கோதுமை லாரியினுடையது முதலில் போயிற்று.
காந்தம் வைத்து இரும்புத்தூள் தூவினேன்.
நடு பேரிங்குக்கு மேலே மயிரிழை விரிசல்;
தூள் அதன்மேல் எறும்பாய் வரிசை கட்டியது.
பேருந்தினுடையதில் விரிசல் இல்லை.
ஆனால் ஆறு நாள் நின்ற தண்ணீர்
உள்ளிருந்தே தின்றிருந்தது.
ஓடாததற்கும் தேய்மானம் உண்டு.

மிஞ்சியது எலிவீடு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்,
இது நெருப்பில் போடுவது.
ஒலிமானியை ஒவ்வொரு சிலிண்டர் சுவரிலும் ஒற்றினேன்.
இடப்பக்கம் நூற்றறுபது தௌ.
வலப்பக்கம் இருநூற்றெழுபது.
மறுபடி ஒற்றினேன். எட்டிலும் அதே கதை.
வார்த்த அன்று மண்கரு நகர்ந்திருக்கிறது,
யாரோ கவனிக்கவில்லை.

ட்வைலா கையுறையை மாட்டிக்கொண்டாள், கிளம்புவதற்கு.

இரு, என்றேன்.
வெடிக்கும்போது பிஸ்டன் நேராக இறங்குவதில்லை,
ஒரு பக்கச் சுவரில் தோளைக் கொடுத்துத் தள்ளும்.
எட்டும் அதே பக்கம்.
அந்தப் பக்கம்தான் தடித்திருக்கிறது.

முதல் கோணல் முற்றும் கோணலாம்.
இந்த இரும்புக்கு
யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு மார்ச் முழுக்க வேலை.
பழைய பேரிங் மூடிகளை எடுத்துவிட்டு
எஃகு மூடிகள், மூடிக்கு நாலு போல்ட்,
ஓரத்தில் இருப்பவை கால் அகட்டி நிற்கும்.
மேல்தளத்தில் சிலிண்டரைச் சுற்றிக் காடி வெட்டி
கம்பி வளையம் பதித்தேன்,
நெருப்பு கேஸ்கெட்டைத் தாண்டாதிருக்க.
கடைசியாக, தண்ணீர் ஓடும் வழியெல்லாம்
கல்கலவை ஊற்றினோம்.
நான் ஊற்ற, அவள் ரப்பர் சுத்தியால் தட்டினாள்.
காற்றுக்குமிழ்கள் ஒவ்வொன்றாய் ஏப்பம் விட்டு வெளியேறின.

இறுகும்வரை ஐந்து நாள் தொடாதே என்றேன்.
மூன்றாம் நாளே வந்து
நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இனி இது தண்ணீர் குடிக்காது.
ரேஷனாய் விட்டால்கூடக் குடிக்காது.
கடைக்குப் போகாது,
சிவப்பு விளக்கில் நின்றால் வெந்துவிடும்.
கால் மைல், அதுவும் நேராக.
அதற்கு மேல் இதற்கு உலகம் இல்லை.

மே மாதம், கைவிட்ட விமான ஓடுதளம்.
நெப்ராஸ்காவிலிருந்து வந்த பையனிடம் தோற்றாள்.
பச்சை விளக்கு விழுந்து நாலு விநாடியில்
பெல்ட் அறுந்து
பார்வையாளர் வேலியில் பாம்பாய்த் தொங்கியது.
யாருக்கும் அடியில்லை.

திங்கட்கிழமை இன்ஜினைப் பிரித்தேன்.
ஏழு சிலிண்டர்கள் இம்மியும் மாறவில்லை.
ஐந்தாவது மட்டும் அரை தௌ
முட்டை வடிவத்துக்கு ஆசைப்பட்டிருந்தது.

சொன்னேன்.
கேட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்து
எண்ணெய்க்கறை படிந்த காகிதத்தை விரித்தாள்.
இன்னும் சிறிய புல்லி ஒன்றின் அளவு,
பென்சிலில்.